சில நொடி முகங்களும் பெயர் தெரியாத குரல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கும் வேலைக்காரர், நீதிமன்றக் காட்சியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி, வானொலியில் நேரம் சொல்லிவிட்டு மறைந்துபோகும் குரல். பல வருடங்களாக இவர்களைப் பற்றித்தான் குறிப்பெடுத்து வருகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அதிகம் அறியப்படாத நடிகர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பெயரைச் சொன்னால் "யார் அது?" என்பீர்கள். படத்தைக் காட்டினால் "அட, இவரா!" என்பீர்கள். அவரைத்தான் சொல்கிறேன். இதில் பல படிகள் உண்டு. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் ஒருவர், ஒரே ஒரு வசனம் பேசுபவர் இன்னொருவர், படத்துக்குப் படம் அப்பாவாகவோ டாக்டராகவோ வந்துபோகும் குணச்சித்திர நடிகர் மற்றொருவர். முகமே காட்டாமல் குரல் மட்டும் கொடுப்பவர்கள் தனி வகை. வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களையும் நான் இவர்களோடுதான் சேர்க்கிறேன். தினமும் வீட்டுக்குள் வந்த குரல்தான், ஆனாலும் அதற்குரியவரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம்கூடக் கிடைக்காது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பெஸ் ஃபிளவர்ஸ் (1898–1984) என்ற அமெரிக்க நடிகையை ‘ஹாலிவுட் துணை நடிகர்களின் ராணி’ என்பார்கள். 350க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள், அவை போக ஏராளமான குறும்படங்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ஐந்து படங்களில் அவர் இருக்கிறார். நல்ல உயரம், நிமிர்ந்த நடை, சொந்தமாகவே மாலை விருந்துக்குரிய உடைகள். சொந்த உடையோடு வரும் துணை நடிகருக்குக் கூலி கொஞ்சம் அதிகம் என்பதால், அலமாரியில் இருந்த உடைகள்தான் அவருடைய முதலீடு. பழைய அமெரிக்கப் படங்களில் விருந்துக் காட்சி வந்தால் பின்னால் பாருங்கள். கையில் கோப்பையோடு அவர் நின்றுகொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1945இல் துணை நடிகர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இதைப் படித்த பிறகுதான்.

இத்தனை பேர் நடித்தும் டைட்டிலில் பெயரே இல்லாமல் போனது எப்படி?

பழைய படங்களில் பெயர்கள் படம் தொடங்கும்போதுதான் ஓடும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் ஒதுக்குவார்கள். அதில் பத்துப் பதினைந்து நடிகர்களின் பெயர் வந்தாலே பெரிய விஷயம். படம் முடிந்த பிறகு எல்லோருடைய பெயரையும் நீளமாக ஓடவிடும் பழக்கம் பரவலானது பின்னால்தான். ஆகவே பெயர் இல்லை என்றால் அவர் புதுமுகம் என்றோ சாதாரண நடிகர் என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் மார்செல் டாலியோ. ‘காசாபிளாங்கா’ (1942) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். இங்கே சூதாட்டம் நடக்கிறதா என்று அதிர்ச்சி அடைந்தவர்போல விடுதியை மூடச் சொல்கிறார் போலீஸ் அதிகாரி. அதே நொடியில் சூதாட்ட மேசை ஊழியர் ஒருவர் வந்து, அவர் ஜெயித்த பணத்தைப் பணிவாக நீட்டுகிறார். சில நொடிகள்தான். காட்சி முழுவதும் அந்தக் கை நீட்டலில்தான் நிற்கிறது. அந்த ஊழியர்தான் டாலியோ. டைட்டிலில் அவர் பெயர் கிடையாது.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 1939இல், ழான் ரெனுவார் இயக்கிய ‘ஆட்டத்தின் விதிகள்’ படத்தில் மாளிகைக்குச் சொந்தக்காரரான பிரபு வேடம் இவருக்கு. உலகின் சிறந்த படங்களைப் பட்டியலிடும்போதெல்லாம் அந்தப் படம் வருகிறது. டாலியோ யூதர். 1940இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது மனைவி மத்லேன் லெபோவோடு தப்பி, லிஸ்பன் வழியாக அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ‘யூதனின் முகம் இப்படித்தான் இருக்கும்’ என்று காட்ட நாஜிகள் அவருடைய புகைப்படத்தையே சுவரொட்டியில் அச்சிட்டார்கள். அவருடைய பெற்றோர் வதைமுகாமில் இறந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஹாலிவுட்டுக்கு வந்து, பெயர் போடாத வேடத்தில், ஒரு கட்டு நோட்டை நீட்டிவிட்டு நகர்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சில நொடிகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அதே படத்தில் பிரெஞ்சு தேசிய கீதத்தைக் கண்ணீரோடு பாடும் இளம்பெண்தான் மத்லேன் லெபோ. அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. டைட்டிலில் பெயர் வந்த நடிகர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர். 2016இல் காலமானார்.

நூற்றுக்கணக்கான படம் என்றால் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள்தானே?

இல்லை. படங்களின் எண்ணிக்கையை வைத்து வருமானத்தைக் கணக்கிடவே முடியாது. நாள் கூலிக்கு வேலை செய்தவருக்கு நூறு படம் என்பது சில நூறு நாள் வேலை, அவ்வளவுதான். நடுவில் வேலையில்லாத நாட்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கால்ஷீட் கிடைக்குமா என்று காத்திருப்பதே பாதி உழைப்பு. அமெரிக்காவில் 1925இல் ‘சென்ட்ரல் காஸ்டிங்’ என்ற அமைப்பு வருவதற்கு முன்னால், துணை நடிகர்கள் ஒவ்வொரு ஸ்டுடியோ வாசலிலும் போய் நிற்க வேண்டியிருந்தது. அது வந்த பிறகு வாசல் போய்த் தொலைபேசி வந்தது.

மறு ஒளிபரப்புக்குப் பங்கு கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்க நடிகர் சங்கம் 1933இல் தொடங்கியது. சினிமாப் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டால் நடிகருக்குப் பங்கு தர வேண்டும் என்று 1960இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது சங்கத் தலைவர், பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்டு ரீகன். அந்த வருடத்திலிருந்து வரும் படங்களுக்குப் பங்கு கிடைத்தது. அதற்கு முன்னால் எடுத்த படங்களுக்கு நடிகர்களுக்குத் தனித்தனியாக எதுவும் இல்லை. பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உழைத்த பலர், முதுமையில் தங்கள் படம் வாரா வாரம் தொலைக்காட்சியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஒரு காசோலைகூட வந்திருக்காது. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு இந்தப் பங்கு எப்போதுமே கிடையாது.

ஒரே பெயரில் பல நடிகர்கள் இருந்தால் எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சங்க உறுப்பினர் ஒருவரின் பெயரிலேயே இன்னொருவர் நடிக்க முடியாது என்று வைத்திருந்தார்கள். மைக்கேல் டக்ளஸ் என்ற பெயரோடு பிறந்தவர், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் மைக்கேல் கீட்டன் ஆனார். டேவிட் மெக்டொனால்டு, டேவிட் டென்னன்ட் ஆனதும் அப்படித்தான்.

தமிழில் வேறு வழி பிறந்தது. பெயரை மாற்றவில்லை, முன்னால் ஒரு சொல்லை ஒட்டினார்கள். ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘நிழல்கள்’ ரவி, ‘பசி’ நாராயணன் எல்லோருக்கும் படப்பெயர். நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால் ‘தேங்காய்’ சீனிவாசன். ‘மேஜர்’ சுந்தரராஜனுக்கும் நாடக வேடம்தான் பட்டம் கொடுத்தது. ‘ஓமக்குச்சி’ நரசிம்மன் பெயருக்குப் பின்னாலும் ஒரு நாடகப் பாத்திரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு மனிதரின் வேலைக்கு இதைவிட நெருக்கமான அங்கீகாரம் வேறில்லை. ஒரே ஒரு வேடம் எடுபட்டதும் அது அவருடைய தலைப்பெழுத்தாகவே ஆகிவிடுகிறது.

‘என்னத்த’ கன்னையாவை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் "என்னத்தே" என்று இழுத்துச் சலித்துக்கொள்ளும் அந்த ஒரு சொல்தான் பட்டம். பல பத்தாண்டுகள் கழித்து, 2006இல் ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலுவோடு ஒரு காட்சியில் வந்தார். "வரும், ஆனா வராது" என்று அதே இழுவை. முதல் சொல்லைக் கேட்டிராத தலைமுறை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. இரண்டு தலைமுறையின் பேச்சுவழக்கில் ஒரு துணை நடிகர் இடம்பிடித்துவிட்டார்.

தேடும்போது ஒரு சிக்கல் மட்டும் உண்டு. டைட்டிலில் பட்டம் வராமல் வெறும் ‘நாராயணன்’ என்று வந்தால், எந்த நாராயணன் என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முகமே காட்டாமல் வாழ்ந்த குரல்கள் பற்றி?

மார்னி நிக்சனில் தொடங்குவோம். 1956இலிருந்து 1964க்குள் வந்த மூன்று பெரிய ஹாலிவுட் இசைப்படங்களில் டெபோரா கெர், நட்டாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன் ஆகியோருக்குப் பாட்டுக் குரல் அவருடையது. மூன்றிலும் டைட்டிலில் பெயர் இல்லை. அவர் முகத்தைத் திரையில் பார்க்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் கன்னியாஸ்திரிகளில் ஒருவராக வருகிறார்.

இதற்கு நேர் எதிரான கதை டூலி வில்சன். மேலே சொன்ன ‘காசாபிளாங்கா’வில் பியானோ வாசித்துப் பாடுபவர். பாட்டு அவருடையதுதான், ஆனால் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது டிரம்ஸ். பியானோ இசை வேறொருவர் வாசித்தது.

இன்றும் இது மாறிவிடவில்லை. சூசன் பென்னட் என்ற அமெரிக்கக் குரல் கலைஞர் 2005இல் ஒரு மாதம் முழுக்கப் பொருளே இல்லாத வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. 2011இல் ஐபோனில் கேள்விக்குப் பதில் பேசும் ‘சிரி’ வந்தபோது, அது உன் குரல்தானே என்று சக கலைஞர் ஒருவர் கேட்டுத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. 2023இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூட்டத்தில் நிற்பவரின் உருவத்தை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டுக் கேட்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பது முக்கியமான சண்டைகளில் ஒன்று. அந்தச் சண்டை அவசியமானது என்றே நினைக்கிறேன்.

வானொலி அறிவிப்பாளர்கள் ஏன் பெயர் சொல்லாமல் இருந்தார்கள்?

நிறுவனத்தின் குரலாகத்தான் அவர்கள் ஒலிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1922இல் தொடங்கிய பிபிசியில் செய்தி வாசிப்பவர் யார் என்று நேயர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். 1940இல், போர் நடந்துகொண்டிருந்தபோதுதான் மாற்றம் வந்தது. எதிரிகள் பிபிசி போலவே பேசிப் பொய்ச் செய்தி பரப்பிவிடலாம் என்ற பயம். "செய்திகள், வாசிப்பது ஆல்வர் லிடெல்" என்று பெயரோடு தொடங்கினார்கள். பெயரும் குரலும் சேர்ந்து பழகினால் போலியைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

பெண்களுக்கு இன்னும் கடினம். 1933இல் ஷீலா பாரெட் பிபிசியின் முதல் பெண் அறிவிப்பாளராக வந்தார். பெண் குரல் பிடிக்கவில்லை என்று நேயர்கள் கடிதம் எழுதிக் குவித்ததில் சில மாதங்களிலேயே அவரை எடுத்துவிட்டார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த கவிஞர் உனா மார்சன், போர்க்காலத்தில் அதே பிபிசியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கான நிகழ்ச்சியை நடத்தினார். படை வீரர்கள் வீட்டுக்குச் சேதி சொல்லும் நிகழ்ச்சியாக இருந்ததை இலக்கியத்துக்கான இடமாக 1943இல் மாற்றியதும் அவர்தான். அந்தப் பகுதியின் பெரிய எழுத்தாளர்கள் பலரின் ஆரம்ப எழுத்து அதில்தான் ஒலித்தது. அவர்களைத் தெரிந்த பலருக்கு மார்சனைத் தெரியாது.

ஆகாசவாணி தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வித்தியாசமாகத் தெரியலாம். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று பெயரோடுதான் அவர்களுக்குக் காலை விடிந்தது.

நேர்முக வருணனையாளர்களில் மெல்வில் டிமெல்லோவைச் சொல்லாமல் விட முடியாது. 1948 ஜனவரி 31 அன்று காந்தியின் இறுதி ஊர்வலத்தைச் சுமார் ஏழு மணி நேரம் தொடர்ந்து வருணித்தார். ஒரு பக்கக் கட்டுரையைச் சத்தமாக வாசித்தாலே தொண்டை வறண்டுவிடுகிறது. துக்கத்தை அடக்கிக்கொண்டு ஏழு மணி நேரம் பேசுவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வானொலி, திரை இரண்டிலும் இருந்தவர்கள் உண்டா?

நிறைய. எனக்குப் பிடித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியை வானொலியில் தமிழில் வாசித்தவர். பிறகு நாடக மேடை, சுஜாதாவின் நாடகங்கள், அப்புறம் சினிமாவில் தாத்தா, மாமா, மேலதிகாரி. அவர் பேசும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு எழுத்தும் விழுங்கப்படாது. கோபமாகக் கத்தும்போதுகூடச் சொற்கள் தனித்தனியாக வந்து விழும். மைக் முன்னால் உட்கார்ந்து பழகிய வாய் அது.

பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஏன் தேடிப்பிடிக்க முடிவதில்லை?

பெரும்பாலானவை இன்று இல்லை. அமெரிக்க மௌனப்பட முழுநீளப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டதாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவும் மக்கிப்போகும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. அதற்குள் மௌனக் காலப் படங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

ஒலிபரப்பின் நிலைமை இன்னும் மோசம். ஆரம்ப நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின, பதிவே செய்யவில்லை. டேப் வந்த பிறகு, அது விலை கூடியது என்று அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரிலேயே 1960களின் அத்தியாயங்கள் 90க்கும் மேல் காணவில்லை என்றால், சாதாரணமான ஒரு மாலை நேர நிகழ்ச்சியின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

பெயர் போடச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், தன் நடிப்புக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையை நடிகருக்குத் தருகிறது. ஆனால் அதே திருத்தத்தில், சினிமாவில் தற்செயலாகவோ போகிறபோக்கிலோ வந்துபோகிறவர், பெயரும் எங்கும் குறிப்பிடப்படாதவர் என்றால் அவரை நடிகராகவே கணக்கில் எடுக்க வேண்டாம் என்று இருக்கிறது. நற்பெயர் கெடும்படி நடிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். பெயர் போடவில்லை, அதனால் உரிமை இல்லை; உரிமை இல்லை, அதனால் பெயர் போடத் தேவையில்லை. இந்த வட்டம் எனக்கு நியாயமாகப் படவில்லை. உலக அளவில் 2012இல் கையெழுத்தாகி 2020இல் நடைமுறைக்கு வந்த பெய்ஜிங் ஒப்பந்தமும் நடிகர் பெயரைக் குறிப்பிடும் உரிமையைப் பேசுகிறது.

ஒருவரைப் பற்றித் தேட எங்கே தொடங்குவது?

படத்திலிருந்தே தொடங்குங்கள். டைட்டிலை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழையோடு. பழைய தமிழ்ப் படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் ஒரு புதையல். பாட்டோடு கதைச் சுருக்கமும் நடிகர் பெயர்களும் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துத் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு கைவசம் இருக்க வேண்டிய நூல். பிரிட்டிஷ் ஒலிபரப்பாளர் என்றால், 1923 முதல் பிபிசி நிகழ்ச்சிப் பட்டியல்களை ‘பிபிசி ஜீனோம்’ தளத்தில் தேதிவாரியாகத் தேடலாம். அமெரிக்கப் பழைய சினிமாப் பத்திரிகைகள் ‘மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி’யில் இலவசம்.

இணையத் தரவுத்தளங்களை நம்பலாமா?

குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நானே செய்திருக்கிறேன். ஒருவருடைய படப்பட்டியலில் அவர் இறந்த பிறகு வந்த நாலு படங்களைச் சேர்த்துவிட்டேன். அவருடைய மகள் எழுதிய கடிதத்தில் கோபம் இல்லை. "அப்பாவுக்கு இடது புருவத்தில் தழும்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த நாலு படத்தில் இருந்தவருக்குத் தழும்பு இல்லை. அன்றிலிருந்து முகத்தைப் பார்க்காமல் ஒரு படத்தையும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இவர்கள் நாயகர்களாக வர முடியாமல் தோற்றவர்கள்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு வருத்தம் தருவது. சிலருக்கு அந்த ஏக்கம் இருந்தது, மறுக்கவில்லை. வேறு பலர் இதையே தொழிலாக எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்து, ஒரே டேக்கில் முடித்துக்கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஜேம்ஸ் ஹாங் 1950களில் தொடங்கி 600க்கும் மேற்பட்ட படங்களிலும் தொடர்களிலும் நடித்திருக்கிறார். சீன வம்சாவளியினர் என்பதால் வந்ததெல்லாம் சலவைக்காரர், வில்லனின் அடியாள் மாதிரி வேடங்கள். 1956இல் காட்சில்லா படத்தின் அமெரிக்க வடிவத்துக்கு டப்பிங்கும் பேசினார். நல்ல வேடம் தர யாரும் இல்லை என்றதும், 1965இல் நண்பர்களோடு சேர்ந்து ஆசிய அமெரிக்கர்களுக்கென்று நாடகக் குழுவே தொடங்கினார். ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தது 2022இல், அவருடைய 93ஆவது வயதில். அதற்கான பணத்தை ரசிகர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் நடிகராக இருந்தார். அவருடைய பொருட்களை என்ன செய்யலாம்?

தயவுசெய்து எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பந்தக் கடிதம், பேட்டா வாங்கிய ரசீது, வானொலி நிலையத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் தேதி இருக்கும், அந்தத் தேதிதான் முக்கியம். புகைப்படங்களைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். தெரியாத முகத்துக்குக் கேள்விக்குறி போட்டு இடம் விடுங்கள். கேசட் இருந்தால் போட்டுப் பார்ப்பதற்கு முன் டிஜிட்டலுக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், பழைய டேப் ஒரே ஓட்டத்தில் அறுந்துபோகலாம். கூட நடித்தவர் யாராவது இன்னும் இருந்தால் முதலில் அவரிடம் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போங்கள், இந்த வாரமே.